போடி மெட்டு ஏறும் குடும்பக் காருக்கு ஆல் சீசன் டயரா, விண்டர் டயரா?

டிசம்பர் கடைசியில் மூணாற்றுக்கு மேலே செண்டுவாரை, லட்சுமி, சைலன்ட்வேலி எஸ்டேட்டுகளின் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும் படங்கள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியதும், போடியிலும் தேனியிலும் கார் வைத்திருப்பவர்களிடையே ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. குளிருக்கென்று தனியாக விண்டர் டயர் வாங்க வேண்டுமா, ஆல் சீசன் டயரே போதுமா என்பதுதான் அது. கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் பிள்ளைகள் குளிர்காலம் நெருங்கியதும் நான்கு டயர்களையும் கழற்றி மாற்றுவதைப் பார்த்துவிட்டு வந்த பெற்றோரிடம் இந்த ஐயம் இன்னும் அழுத்தமாக இருக்கிறது. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். போடியிலிருந்து போடி மெட்டு வழியாக மூணாறு ஏறும் இந்த மலைப்பாதைக்கு விண்டர் டயர் தேவையில்லை. வாங்கி மாட்டினால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம். அதே சமயம், ஆல் சீசன் என்ற பெயரை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடவும் கூடாது. போடிக்கும் மூணாற்றுக்கும் இடையே காரை வழுக்க வைப்பது தண்ணீர் என்பதால், தேர்வையும் தண்ணீரை வைத்தே செய்ய வேண்டும்.

விண்டர் டயர் எந்தக் குளிருக்கு?

ரப்பர் குளிரில் இறுகும். வெயில் காலத்துக்கென்று கலவை செய்யப்பட்ட சாதாரண டயர், வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது விறைத்துப்போய், சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பற்றிக்கொள்ளும் திறனை இழக்கத் தொடங்குகிறது. விண்டர் டயரின் கலவையில் குளிரிலும் இளக்கமாக இருப்பதற்காக இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. அதன் பட்டன்களில், அதாவது பள்ளங்களுக்கு இடையே தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளில், கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பனியில் உருளும்போது அந்த வெட்டுகள் விரிந்து பனியைக் கவ்விக்கொள்கின்றன. பனியோடு பனி ஒட்டும் என்பதால் அந்தப் பிடிப்பே காரை நிறுத்துகிறது. ஆல் சீசன் டயர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. மிதமான குளிர், மழை, வெயில் மூன்றையும் ஓரளவு சமாளிக்கும்; எதிலும் முதலிடம் பிடிக்காது.

அடையாளம் டயரின் பக்கச் சுவரிலேயே இருக்கிறது. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருந்தால், அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டுத் தேறியது என்று பொருள். வெறும் எம் + எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தாமாகச் சொல்லிக்கொள்கிறார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நம் நாட்டில் விற்கும் பல எஸ்யூவி டயர்களில் இந்த எழுத்துகள் இருப்பதால், அதைக் காட்டி இது விண்டர் டயர் என்று யாராவது விலையை ஏற்றினால் ஏமாற வேண்டாம்.

பனி உண்மையிலேயே சாலையை மூடும் நாடுகளில் இந்த வேறுபாடு சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் விண்டர் டயர் மாட்டியவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தரப்பட வேண்டும். ஜெர்மனியில் தேதி வைத்துக் கட்டாயப்படுத்தவில்லை. சாலையில் பனியோ உறைந்த ஈரமோ இருந்தால் அதற்கேற்ற டயர் இருந்தாக வேண்டும், அதுவும் 2024 அக்டோபர் முதல் மலைக்குறி உள்ள டயர் மட்டுமே அந்தக் கணக்கில் சேரும். டொராண்டோவில் இருக்கும் மகன் விண்டர் டயர் வாங்குவது முற்றிலும் சரி. அவர் விடுமுறைக்கு வந்து, போடியில் நிற்கும் அப்பாவின் காருக்கும் அதையே பரிந்துரைத்தால் மட்டும் அன்போடு மறுத்துவிடலாம்.

ஏனென்றால் நம் பாதையின் கணக்கு வேறு. மூணாற்றில் உறைபனி என்பது டிசம்பர், ஜனவரியில் சில விடியற்காலைகளில், அதுவும் பள்ளத்தாக்கின் புல்வெளியிலும் வெளியே நிறுத்திய கார்களின் கூரையிலும் படிவது. வெயில் ஏறியதும் கரைந்துவிடுவது. சாலையைப் பனி மூடிக் கிடக்கும் நாள் என்று அங்கே ஒன்று இல்லை. அன்று காலை கிளம்பும் அதே கார், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி மதியம் போடிக்கு வரும்போது முப்பது டிகிரி வெயிலில் காய்ந்த தாரில் ஓடுகிறது; ஏப்ரலில் அந்தத் தாரின் சூடு கையை வைக்க முடியாத அளவுக்கு ஏறும். குளிருக்காக இளக்கமாகச் செய்த ரப்பர் அந்தச் சூட்டில் மேலும் இளகி, வளைவில் பட்டன்கள் நெளிய, பிரேக் பிடித்தால் கார் நிற்கும் தூரம் கூடும். டயரும் மளமளவென்று தேயும். போதாக்குறைக்கு, 2020 ஜூன் முதல் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் உரிமம் தேவைப்படுவதால், உங்கள் காருக்குரிய அளவில் விண்டர் டயர் கிடைப்பதே அரிது. பழைய டயர் கடையில் மலைக்குறியோடு ஏதாவது கண்ணில் பட்டால், அது எங்கோ பல குளிர்காலம் ஓடி ஓய்ந்தது என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

உறைபனி விழுந்த காலையில் செய்ய வேண்டியது எளிது. வெயில் வந்த பிறகு புறப்படுங்கள். முன்கூட்டியே கிளம்பியாக வேண்டுமென்றால், முதல் சில கிலோமீட்டருக்கு டயர் குளிர்ந்து விறைத்திருக்கும் என்பதை நினைவில் வைத்து, நிழல் விழும் வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, முன்னால் செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விடுங்கள்.

இரண்டு மழைகளின் பாதை

இந்தத் தேசிய நெடுஞ்சாலை 85-ன் தனித்தன்மை, ஒரே பாதையில் இரண்டு பருவமழைகளும் விழுவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மூணாறு, தேவிகுளம் பக்கத்தை அடித்து நனைக்கும்போது, மழை மறைவில் இருக்கும் போடியில் காற்று மட்டுமே வீசும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் போடி மெட்டின் கிழக்குச் சரிவு நனையத் தொடங்கும். ஆக, ஆண்டில் பாதிக்கு மேல் இந்தப் பாதையின் ஏதாவது ஒரு பகுதி ஈரமாகவே இருக்கிறது. அதோடு, மண் சரியும் இடங்களில் செம்மண் சேறு சாலையில் வழிந்து கிடப்பதும், மூடுபனியின் ஈரத்தில் தார் பளபளப்பதும், கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையில் மாதக்கணக்காகச் சேர்ந்த எண்ணெயும் தூசும் குழம்பிச் சோப்பு நுரைபோல் மிதப்பதும் இங்கே வழக்கம். அந்த முதல் மழை நாளைத்தான் ஓட்டுநர்கள் அதிகம் அஞ்ச வேண்டும். பலர் அன்று மழை குறைவு என்று எண்ணி வேகமாகப் போகிறார்கள்.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, ஈரத்தில் இந்த டயர் எப்படிப் பிடிக்கும் என்பதுதான். சக்கரத்தின் சுற்றளவை ஒட்டி ஓடும் அகலமான நேர்க்கோட்டுப் பள்ளங்கள் மூன்று அல்லது நான்கு இருக்கிறதா, அவற்றிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வெளியேற்றும் கிளைப் பள்ளங்கள் மூடாமல் வெளியே திறக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் இந்தப் பள்ளங்கள் வழியே வெளியேற வழியில்லாதபோதுதான் டயர் தரையை விட்டுத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. அந்த நொடியில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். எரிபொருள் சிக்கனத்துக்கான நட்சத்திர முத்திரையை விற்பனையாளர் எடுத்துக் காட்டினால், அது டயர் எவ்வளவு எளிதாக உருள்கிறது என்பதைச் சொல்வது என்று புரிந்துகொள்ளுங்கள். உருள்வது எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக ஈரப்பிடிப்பை விட்டுக்கொடுத்த டயர்களும் உண்டு, சிலிக்கா கலந்து இரண்டையும் காப்பாற்றியவையும் உண்டு. மலை ஏறி இறங்கும் குடும்பத்துக்கு ஈரப்பிடிப்பு முதலில், ஆயுள் அடுத்து, மைலேஜ் கடைசி என்பதே என் வரிசை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று பெருமையாகச் சொல்லப்படும் டயரின் ரப்பர் கடினமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கடினமான ரப்பர் மழையில் கைகொடுக்காது.

நம் நாட்டில் கார் நிறுவனங்கள் மாட்டி அனுப்பும் டயர்கள் பெரும்பாலும் வெயிலையும் மழையையும் மனத்தில் வைத்துக் கலவை செய்யப்பட்டவை. வெளிநாட்டுக் கணக்கில் அவை கோடை டயருக்கும் மலைக்குறி இல்லாத ஆல் சீசனுக்கும் பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே மூல டயர் எந்த வகையோ அதே வகையில் நல்ல ஈரப்பிடிப்பு உள்ள ஒன்றைத் தேர்ந்தால் போதும். எஸ்டேட் ஜீப்புகளில் காண்கிற பெரிய பட்டன் டயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது கல்லும் சேறுமான எஸ்டேட் வழிக்கானது. ஈரத் தாரில் அதன் பெரிய பட்டன்கள் தரையைத் தொடும் பரப்பு குறைவு, இரைச்சலோ அதிகம். வீடு எஸ்டேட் லயத்துக்குள் இருந்து தினமும் கல் பாதையில் போய்வர வேண்டியவர்கள் மட்டும், பக்கச் சுவர் தடித்த, தார் சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான டயரைக் கேட்டு வாங்கலாம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அளவும், இருவர் மட்டும் போகும்போது எவ்வளவு காற்று, முழுச் சுமையோடு போகும்போது எவ்வளவு காற்று என்பதும் அதில் இருக்கும். கடைக்குப் போகுமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல குடும்பக் கார்களில் இருக்கும் 185/65 ஆர்15 88எச் என்ற அளவை எடுத்துக்கொண்டால், 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் உயரத்தின் விழுக்காடு, 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அதற்குப் பின்னால் வரும் 88 என்பதுதான் நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது. ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். ஏழு பேரும் பழனிக்கோ சபரிமலைக்கோ மூட்டை முடிச்சுகளோடு கிளம்பும் வீட்டில், இந்த எண் குறைந்த டயரை விலை மலிவென்று மாட்டிவிடக் கூடாது, கூடினால் தவறில்லை. கடைசி எழுத்து வேக வரம்பு, எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர். மலைப்பாதையில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை என்றாலும், நிறுவனம் சொன்னதைவிடக் குறைந்த எழுத்துக்கு இறங்க வேண்டாம்.

அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்று சொல்பவர்கள் எல்லாக் கடையிலும் இருப்பார்கள். காய்ந்த சாலையில் அது ஓரளவு உண்மைதான். தேங்கிய தண்ணீரில் நிலைமை தலைகீழ்: அதே எடை கூடுதல் பரப்பில் பரவுவதால் அகலமான டயர் எளிதில் மிதக்கும். மூல அளவிலேயே இருங்கள்.

பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்க எண் ஒன்று, பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள், இருக்கும். 2324 என்றிருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த எண் முழுமையாக இருப்பதுண்டு என்பதால், காணவில்லையென்றால் டயரைத் திருப்பிப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் கடையில் கிடந்ததற்குப் புது விலை கொடுக்க வேண்டியதில்லை. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம். ரப்பர் ஒட்டிப் புதுப்பித்த டயரைக் குடும்பக் காருக்குத் தொடவே வேண்டாம். போடி மெட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கும் டயரும் சேர்ந்து சூடேறுகின்றன, ஒட்டியது பிரிவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

நான்கையும் ஒரே சமயத்தில் மாற்ற முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் இரண்டை மட்டும் மாற்றுவார்கள். அப்போதுதான் வாக்குவாதம் வரும். "அண்ணே, இழுக்குற வீலு முன்னாடிதான் இருக்கு, புதுச முன்னாடி போட்டுருவோம்" என்று கடைக்காரத் தம்பி சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர்தான் விரைவில் தேயும். ஆனாலும் புதிய இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் டயர் ஈரத்தில் வழுக்கினால் கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமும் உள்ள பாதையில் அதைச் சரிசெய்ய இடமே இல்லை. ஒரே அச்சில் இடமும் வலமும் வெவ்வேறு பிராண்டு, வெவ்வேறு தேய்மானம் என்று கலக்கவும் கூடாது. அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் அன்றே செய்துவிடுங்கள்.

எப்போது மாற்றுவது, எவ்வளவு காற்று வைப்பது

புதிய கார் டயரின் பள்ளம் ஏறக்குறைய 7 அல்லது 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி ஓட்டக் கூடாது. நேர்க்கோட்டுப் பள்ளத்துக்குள் விரலை விட்டு நகர்த்தினால், ஆங்காங்கே குறுக்கே ஒரு சிறு ரப்பர் மேடு தட்டுப்படும். பட்டனின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த 1.6-ஐத் தொட்டுவிட்டது என்று பொருள். மழைப்பாதைக்கு அதுவரை காத்திருப்பது தவறு. 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். ஆழத்தை அளக்கும் சிறு கேஜ் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. டயரின் நடுவிலும் இரு ஓரங்களிலும் தனித்தனியாக அளந்து, மிகக் குறைந்த எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள். மாற்றுவதற்குச் சரியான மாதம் மே, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு ஆண்டு ஆன டயரின் ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். அதையும் விடைகொடுத்து அனுப்பிவிட வேண்டும். ஓட்டம் குறைவான, வாரம் ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கும் கார்களில்தான் இந்தத் தவறு அதிகம் நேர்கிறது.

காற்றழுத்தத்தில் இந்தப் பாதைக்கென்று ஒரு நுட்பம் இருக்கிறது. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் டயரில் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும். மதியம் 33 டிகிரி வெயிலில் போடியில் காற்றுப் பிடித்துவிட்டு மேலே போய், மறுநாள் காலை 8 டிகிரிக் குளிரில் அளந்தால் நான்கு பிஎஸ்ஐ வரை குறைந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் ஏறியிருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைந்துவிடுகிறது, கேஜ் அந்த வகையில் ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டுகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் இரண்டு அல்லது இரண்டரை பிஎஸ்ஐ குறைவு. டயர் சூடாக இருந்தபோது காற்றுப் பிடித்திருந்தால் குறைவு இன்னும் பெரிது. கார் எந்த ஊரில் இரவு நிற்கிறதோ அந்த ஊரில், காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளந்து காற்றுப் பிடிப்பதே சரியான முறை. மலை இறங்கி வந்து போடி பங்க்கில் அளந்தால் எண் கூடித்தான் தெரியும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் காற்று போதாமல் போகும், காற்றுக் குறைந்த டயர் தண்ணீரில் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். நைட்ரஜன் பிடித்தால் இதெல்லாம் வராது என்று சொல்வதை நம்ப வேண்டாம், சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் அதற்கும் உண்டு.

புதிய டயர் மாட்டிய பின் முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு அதன் மேற்பரப்பில் தயாரிப்பின்போது ஒட்டிய வழவழப்பு இருக்கும். அந்தத் தூரத்தைச் சமவெளியிலேயே, தேனி, கம்பம் பக்கம் ஓட்டிக் கழித்துவிட்டு மலை ஏறுவது நல்லது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றியவற்றில் நல்லதாக இருக்கும் ஒன்றை ஸ்டெப்னிக்கு ஒதுக்குவதானால், அதன் நான்கு இலக்கத் தேதியைப் பார்த்துவிட்டு ஒதுக்குங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கியில் இருக்கின்றனவா என்பதையும் கடையை விட்டு வண்டியை எடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.